ஆறாவது பொருளும் ஒன்பதாவது பொருளும்

மட்லிக் பள்ளத்தாக்கில் வில்டா கோகர் கையால் சாப்பிடாதவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் பீன்ஸும் சோளரொட்டியும் அள்ளிப் போட்டவள். தட்டில் மிச்சம் வைத்தால் விடமாட்டாள். இன்று தொப்பையும் பதவியுமாக இருக்கிறவர்கள்கூட அவளைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்கள். தேர்தல் வந்தால் தீயணைப்புக் கொட்டகைதான் வாக்குச்சாவடி; வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போடுவார்கள். வாக்காளர் பட்டியலோடு அங்கே உட்காருவதும் அவள்தான்.

அவளுடைய ஒரே மகன் ராய்ஸ் அமெரிக்கச் சிப்பாய். ஈராக்கில் போருக்குப் பிறகு முதல் தேர்தல் நடந்த அன்று ஒரு வாக்குச்சாவடிக்குக் காவல் நின்றான். 'குண்டு விழுற சத்தத்துக்கு நடுவுல ஒரு கிழவர் ஆறு மைல் நடந்து வந்தாரும்மா. ஓட்டுப் போட்டுட்டு, மை வெச்ச விரலால என் சட்டைக் கைய தொட்டுட்டுப் போனாரு' என்று எழுதினான். ஆறு வாரம் கழித்து சாலையில் புதைத்த குண்டு வெடித்து இறந்துபோனான். அவன் சாமான்களோடு அந்தச் சட்டையும் வந்தது. வில்டா நாலு முறை துவைத்தாள். மைக்கறை போகவில்லை. ஐந்தாம் முறை துவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவன் செத்ததற்கு அர்த்தம் உண்டா என்று ஊரே அவளுக்காக முடிவு செய்தது. பாதிரியார் உண்டு என்றார். அடுத்த வீட்டு ஹோமர் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். அதன்பிறகு ஓட்டே போடாதவர்.

"எல்லாம் வீண், வில்டா. நம்ம புள்ளைங்கள அனுப்பி அவனுங்களுக்கு ஓட்டுப் பெட்டி தூக்கிக் குடுக்கிறானுங்க. இங்க உள்ள பெட்டியால என்னத்தக் கண்டோம்?" என்பார்.

"நீங்கதான் பெட்டிப் பக்கமே வர்றதில்லையே, அண்ணே!" என்று வாயை அடைப்பாள்.

மறு வருஷம் ஜூலையில் கவுண்டி மன்றத்திலிருந்து, அதாவது எங்கள் மாவட்ட மன்றத்திலிருந்து, அழைப்பு வந்தது. மட்லிக் பாலத்துக்கு ராய்ஸ் பெயர் வைக்கப் போகிறார்களாம். எங்கள் மேற்கு வர்ஜீனியாவில் செத்த சிப்பாய்க்குப் பாலம் கொடுப்பது வழக்கம். மலையும் ஓடையுமான ஊரில் பாலத்துக்கா பஞ்சம்?

நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள் பாலம். ஒன்பதாவதையும் வில்டா படித்துவிட்டாள். மட்லிக் வாக்குச்சாவடியை மூடுவது. போன முறை அறுபத்தோரு பேர்தான் வந்தார்கள். இனி பதினேழு மைல் மலை சுற்றி கவுண்டி தலைநகரில் ஓட்டுப் போட்டுக்கொள்ளட்டுமாம். இரண்டையும் ஒரே தாளில், ஒரே நாளில் அச்சடித்த புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! தாய்க்காரி பாலத்தின் பெயர்ப்பலகையை வாங்கி, அழுது, போட்டோவுக்கு நின்று, வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தார்கள்.

பலகையை வாங்கினாள். போட்டோவுக்கு நின்றாள். பிறகு பலகையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைவர் டெல்பர்ட் ஒன்பதாவது பொருளை அவசரமாகப் படித்ததும் எழுந்தாள்.

"டெல்பர்ட்டு, சித்த முன்னாடி என் மவன் எதுக்குச் செத்தான்னு சொன்ன?"

"ஜனநாயகத்துக்கு, வில்டாம்மா. மக்கள் சுதந்திரமா ஓட்டுப் போடணும்னு."

"எந்த மக்கள்?"

டெல்பர்ட் தண்ணீர் குடித்தார்.

"அது என் புள்ள உசுருக்கு ஈடான்னு கேட்டீங்கன்னா, ஈடு இல்ல. எந்த ஊரு தேர்தலும் ஈடு இல்ல. ஆனா அந்தக் கிழவரு ஓட்டுப் போட்டது பொய்யுமில்ல. என் மவன் நின்னு பாத்திருக்கான். எதுக்காக அவன அனுப்பினோம்னு சொல்றீங்களோ, அத இங்க பூட்டிட்டு, பூட்டுக்கு மேல அவன் பேர எழுதாதீங்க. இந்தப் பலகைய நீயே வெச்சுக்க. எனக்குக் கொட்டகை தொறந்திருக்கணும்."

மேஜைமேல் பலகையை வைத்தாள். மூன்று பேர் மன்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று சாவடி பிழைத்தது. எதிர்த்த அந்த ஒருவர் சின்ன வயசில் பீன்ஸைக் கீழே கொட்டியவர் என்று வில்டா இன்றும் சொல்வாள்.

நவம்பரில், காலை ஆறரைக்குக் கொட்டகைக் கதவைத் திறந்து, "வாக்குப்பதிவு தொடங்கிருச்சு!" என்று வெறும் சாலையைப் பார்த்துக் கத்தினாள். அன்று அவள் ராய்ஸின் சட்டையைப் போட்டிருந்தாள். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தாள்.

மாலை மூடுவதற்குச் சற்றுமுன் ஹோமர் வந்தார். சவரம் செய்திருந்தார்.

"உன் மவனுக்கு மரியாதை செய்ய வந்தேன்னு நெனச்சுக்காத. அவன அங்க அனுப்பினவனுங்கள வீட்டுக்கு அனுப்பத்தான் வந்தேன்."

வில்டா பட்டியலில் அவர் பெயரைத் தேடி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.

"அதுக்கும் சேத்துத்தான் அண்ணே, கதவத் தொறந்து வெச்சிருக்கேன்."