மேல் வீட்டு விரிசலும் என் சப்வூஃபரும்

என்னிடம் இருந்த ஸ்டீரியோவில் மிருதங்கத்தின் வலந்தலை துல்லியமாகக் கேட்கும். இடது பக்கத் தொப்பி கேட்காது. தனி ஆவர்த்தனத்தில் வித்வான் இடது கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பது போல இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான், அடித்தொனிக்கென்றே தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியை, அதாவது சப்வூஃபரை, நானே செய்வது என்று இறங்கினேன். அப்போது ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தோம். கடையில் ரெடிமேடாகக் கிடைக்குமே என்றாள் மனைவி. உள்ளே என்ன வைத்து மூடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றேன்.

யாரையும் எளிதில் நம்பமாட்டேன். பழைய தில்லிச் சந்தையில் பத்து அங்குல ஸ்பீக்கர் வாங்கப் போனபோது காந்தத்தின் கனத்தைத் தூக்கிப் பார்த்தேன். லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். கையோடு கொண்டுபோன டார்ச் பாட்டரியிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து முனைகளில் தொட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளிப்பக்கம் தள்ளுகிறதா என்று பார்த்தேன். ஸ்பீக்கர் வாங்க வந்தீரா, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தீரா என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். கீர்த்தி நகரில் பிளைவுட் அறுத்துக் கொடுத்தவரையும் நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பலகையையும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். பெட்டியை ஒட்டி முடித்ததும், ஒரு தாழ்ந்த தொனியை ஓடவிட்டு, இணைப்புகள் நெடுக ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டே போனேன். பின்பக்க மூலை ஒன்றில் புகை நடுங்கியது. காற்று அங்கே கசிகிறது. மறுபடி பசை, மறுபடி ஊதுவத்தி.

பெட்டி செய்வது பாதி வேலைதான். அதை அறையோடும் மற்ற இரண்டு ஸ்பீக்கர்களோடும் ஒத்துப்போக வைப்பது மீதிப் பாதி. நாம் உட்கார்ந்து கேட்கும் சோபாவில் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய், எந்த இடத்தில் தொனி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும் என்பது முறை. நான் அப்படித் தவழ்ந்துகொண்டிருந்தபோது மனைவி காய்கறியோடு உள்ளே வந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“அச்சா, இனிமே இப்படித்தானா? திரையையாவது இழுத்து விட்டுட்டுச் செய்யுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜன்னலோர மூலை சரியாக வந்தது. அதன்பின் சனி, ஞாயிறுகளில் போனிலிருந்து சோதனைத் தொனிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, எது ஓங்குகிறது, எது அமுங்குகிறது என்று பார்ப்பேன். மிகத் தாழ்ந்தவை காதில் விழாது. திரைச்சீலை மட்டும் நடுங்கும், நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்தது போல இருக்கும். குளிர்காலம், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. வெளியே ஒன்றும் போகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் மேல் வீட்டு மேடம் கீழே வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வேறொரு அமைச்சகத்தில் வேலை. கல்லூரியில் படிக்கும் மகளோடு இருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்:

“உங்க வீடு ஆடுதுங்களா சார்? எங்கூட்டுல பாத்திரமெல்லாம் தானா கலகலங்குதுங்க. செவுத்துல ஒரு விரிசல் வேற உட்டிருக்குது.”

இல்லையே என்றேன். எங்களுக்கு எதுவும் ஆடவில்லை. அவர் என் முகத்தையும், எனக்குப் பின்னால் அறையையும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஜே.இ. ஒருவர் வந்தார். இளநிலைப் பொறியாளர். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் சுவர் நகரவில்லை, அவ்வளவுதான் கணக்கு. இறங்கி வரும்போது எங்கள் வீட்டிலும் ஏதாவது தெரிகிறதா என்று விசாரித்தார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தோம். மேடம் அதைப் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலை மனைவிதான் சொன்னாள்: “ஏங்க, அவங்க சொல்ற டைம் எல்லாம் நீங்க அந்த டப்பாவைப் போடுற டைமாத்தான் இருக்கு.”

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாலும், சொன்னால் அதை வைத்தே என் மேல் புகார் எழுதிவிடுவாரோ என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மாடிக்குப் போனேன். மேடம், அது பூமி ஆடுவதில்லை, நான் செய்த ஸ்பீக்கர் பெட்டி என்று விளக்கினேன். அவர் கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் நம்பவில்லை.

“பாட்டுச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லீங்களே. சத்தமே இல்லாம பாத்திரம் எப்படீங்க ஆடும்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஜே.இ. சொல்லச் சொன்னாருங்களா?” என்றார்.

நான் அசந்து போனேன். அவர் தன் கணக்கைச் சொன்னார். புகாரை மூட அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். டீ குடிக்கும்போது பேசி வைத்திருப்பீர்கள். கட்டடம் சரியில்லை என்றால் எல்லோரையும் காலி செய்யச் சொல்வார்கள், உங்களுக்கு இந்த இடத்தை விட மனமில்லை. கேட்கக் கேட்க, இவரிடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பேன் என்று பட்டது. அதனால் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவருடைய சமையலறையில் போனோடு நிற்க வேண்டும், நான் கீழே தொனிகளைப் போட வேண்டும் என்று கேட்டேன். போடும்போது சொல்லக்கூடாது, எப்போது ஆடுகிறது என்று நான்தான் சொல்வேன் என்று அவர் நிபந்தனை வைத்தார். சரி என்றேன்.

அன்று நான் செய்த அளவுக்கு ஒழுங்கான சோதனை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நான் தாழ்ந்த தொனியிலிருந்து ஏறிக்கொண்டே போக, போனில் அவர் குரல் வந்துகொண்டிருந்தது. ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்லீங்க. இப்ப டம்ளர் ஸ்டாண்டுங்க. இடையில் இரண்டு முறை நான் வேண்டுமென்றே எதுவும் போடாமல் இருந்தேன். அவர் சரியாக, இப்ப நிறுத்திட்டீங்க என்றார். நாற்பது ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் மேலிருந்து எவர்சில்வர் சத்தம் போன் வழியாக எனக்கே கேட்டது.

“சார், போதுங்க, போதுங்க. எல்லாமே ஆடுது” என்றார்.

பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, அடியில் கனமான ரப்பர் வைத்தேன். அந்த நாற்பதைத் தனியாகக் குறைத்தேன். மறுபடி கேட்டபோது மேலே டம்ளர் அசையவில்லை. அதைவிட ஆச்சரியம், கீழே தொப்பியும் இப்போதுதான் தெளிவாக இருந்தது. இதுவரை நான் ரசித்துக்கொண்டிருந்ததில் பாதி அறையின் முழக்கம்தான்.

ஜே.இ.க்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. விரிசல், ஆட்டம் எல்லாவற்றுக்கும் தரைத்தளத்து மியூசிக் சிஸ்டமே காரணம் என்று புகாரை மூடிவிட்டார். பாத்திரத்துக்கு நான் பொறுப்பு, சுவருக்கு எப்படி? யாரும் கேட்கத் தயாராக இல்லை. மலை மந்திர் முருகன் கோயில் வாசலில், அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர், பில்டிங்கையே கிராக் விட வைத்தீர்களாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். எனக்கு மேடத்தின் மேல்தான் சந்தேகம். கொஞ்ச நாள் படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காகத் தென்காசி போய்விட்டு வந்தோம். ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கும்போதே மேடம் வந்து நின்றார்.

“நீங்க ஊர்ல இல்லாதப்ப கண்ணாடி உடைஞ்சுடுச்சுங்க” என்றார். சற்றுத் தயங்கி, “வீட்டுச் சாவிய யாருகிட்டயாச்சும் குடுத்துட்டுப் போனீங்களா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். சப்வூஃபரின் பிளக் தரையில் கிடந்தது. பெட்டியின் மேல் தில்லிப் புழுதி ஒரு விரல் படாமல் படிந்திருந்தது. அவர் அதில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நெசமாவே ஆடுதுங்க சார்” என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. அந்த நிமிடம்தான் அவரை நான் முதன்முதலாக முழுதாக நம்பினேன்.

அவருடைய விரிசல் எந்தச் சுவரில் என்று மேலே போய்ப் பார்த்தேன். அதே சுவர் கீழே எங்கள் படுக்கையறையில் இருந்தது. அதை ஒட்டி இரும்பு பீரோ. நானும் மனைவியுமாக அதைத் தள்ளினோம். பின்னால், உச்சியில் மயிரிழையாகத் தொடங்கி, தரையருகே சாவி நுழையும் அகலத்துக்கு விரிசல். ஊர் உலகத்தையெல்லாம் தட்டிப் பார்த்து வாங்கியவன், என் தலைமாட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஜே.இ. வந்ததும், கண்ணாடியை யாராவது கையால் உடைத்திருக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். மேடம் வாயைத் திறக்கும் முன் நான் அவரை எங்கள் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். விரிசலில் தன் சாவியை நுழைத்துப் பார்த்தார். அப்புறம் யாருக்கோ போன் செய்தார்.

வீட்டுக்குப் பின்னால் தோண்டியபோது, பூமிக்கடியில் தண்ணீர்க் குழாய் ஒன்று வெகுநாளாகக் கசிந்து அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை அரித்திருந்தது தெரிந்தது. குழாயை மாற்றி, குழியில் கான்கிரீட் நிரப்பினார்கள். அந்த மூன்று வாரமும் நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் உறவினர் வீட்டில் இருந்தோம். மேடமும் மகளும் அலுவலக விருந்தினர் விடுதியில் இருந்தார்கள்.

திரும்பி வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளோடு கீழே வந்தார். இவ்வளவு பாடுபட்டு அதில் என்னதான் கேட்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். சோபாவில் நடு இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு ஒரு தனி ஆவர்த்தனம் போட்டேன். கண்ணை மூடாமல், பெட்டியையே பார்த்தபடி கடைசி வரை கேட்டார். முடிந்ததும், நல்லாருக்குதுங்க என்றார். மகள், இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கலாமா என்று இந்தியில் கேட்டாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். நான் வைக்கவில்லை. மனைவி காபி கொண்டுவந்தாள்.