அடக்கினால் நிற்பது

1984 மார்ச்சில், ருத்ரோத்காரி வருடத்துப் பங்குனி பிறந்த வாரத்தில், எங்கள் வீட்டில் இரண்டு உடம்புகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்பாவின் இடது கண்ணிமை துடித்தது. என் கழுத்து இடப்பக்கமாக வெட்டி இழுத்தது. முதலாவதற்காக வீடே பதறியது. இரண்டாவதற்கு அடி விழுந்தது.

அப்பா விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மொத்தக் கடையில், கணக்கர். திண்டிவனத்திலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் போய்வருவார். கண் துடிக்க ஆரம்பித்த அன்றே அம்மா பஞ்சாங்கத்தை எடுத்து, அங்கங்கள் துடிப்பதன் பலன் போட்டிருக்கும் பக்கத்தைப் பிரித்தார். ஆணுக்கு வலது கண் துடித்தால் லாபம், இடது கண் துடித்தால் கெடுதல். பிள்ளையாருக்குக் கற்பூரம் போயிற்று. மண்டிக்குப் போய்வருவதைத் தவிர வெளியூர்ப் பயணம் எதுவும் கூடாது என்றார் அம்மா. துடிப்பு நிற்காததால் அப்பா விழுப்புரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கையில் வைட்டமின் மாத்திரை, முகத்தில் ஒரு பெருமை.

"தூக்கம் கொறைஞ்சா இப்டி ஆவுமாம். சதை தானா துடிக்குதாம். நம்ம கண்ட்ரோல்ல இல்லன்னுட்டாரு" என்றார்.

நான் கேட்டேன்: "அப்ப என்னுதும் அதுதானாப்பா?"

"உன்னுது கொழுப்பு. நான் கைய ஓங்குனா நிக்குதுல்ல? என் கண்ணு அப்டி நிக்குதா?"

அவர் மண்டிக் கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். இந்தக் கணக்கும் அவருக்கு அப்படித்தான் நேராகத் தெரிந்தது. அடித்தால் நிற்கிறது, எனவே வேண்டுமென்றே செய்கிறான். இதே வாதத்தை என் வாழ்நாளில் வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் சொன்னவர் தானே புதிதாகக் கண்டுபிடித்தது போலத்தான் சொன்னார்.

இரண்டும் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். திண்டிவனத்தில் ரோஷணைப் பக்கமிருந்து பள்ளிக்குச் சைக்கிள் மிதித்து வந்த நாட்களில் எனக்கும் கெண்டைக்கால் துடித்திருக்கிறது. தோலுக்கு அடியில் ஒரு சின்னப் புழு ஓடுவது போல இருக்கும். வருமுன் சொல்லாது. நில் என்றால் நிற்காது. கையை வைத்து அழுத்தினாலும் விரலுக்குக் கீழே அது பாட்டுக்குத் துடிக்கும். வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு அதில் வேலையில்லை.

கழுத்து இழுப்பது அப்படியல்ல. முதலில் ஒரு அரிப்பு. தோலில் அல்ல, கழுத்துக்கு உள்ளே எங்கோ. தும்மல் வரப்போகிறது என்று மூக்குக்குத் தெரியுமே, அந்த மாதிரி. இழுத்தால் அடங்கும், ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி சேரும். அடக்கலாம். ஆம், அடக்கலாம். ஆனால் அதற்கு முழு மனதையும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு வேறு எதற்கும் மீதி இருக்காது. அடக்கியது வட்டியோடு வெளியே வரும். யாராவது பார்த்தால் கூடும். 'பண்ணாதே' என்றால் இன்னும் கூடும். மூன்றாம் வகுப்பில் கண் சிமிட்டலாகத் தொடங்கி, மூக்குச் சுளிப்பாகி, சில காலம் தொண்டைக் கனைப்பாக இருந்து, பிளஸ் ஒன்னில் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. பள்ளியில் எனக்குப் பெயர் கோழி. "டேய் கோழி, மல்லாட்ட போட்டா கொத்துவியாடா?" என்பான் பின்பெஞ்சுக்காரன். அவனை நான் மன்னித்துவிட்டேன். அவன் என்னைத் திருத்தப் பார்க்கவில்லை.

இதற்கு 'டிக்' என்று பெயர் உண்டென்று பல ஆண்டுகள் கழித்துப் பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு மருத்துவர் சொன்னார். இரண்டே எழுத்து. அந்த மார்ச்சில் யாராவது ஒருவருக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

அந்த மார்ச்சில் எனக்குப் பிளஸ் டூ தேர்வு. கணக்குத் தாளை நம்பித்தான் நான் இருந்தேன். அதில் நல்ல மதிப்பெண் வந்தால் வெளியூர் கல்லூரி. இல்லையென்றால் அப்பாவோடு அதே பாசஞ்சரில் மண்டிக்கு. இதை அப்பா சொல்லியே வைத்திருந்தார்.

கணக்குத் தேர்வன்று என் இடப்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் வேறு பிரிவு. அவனுக்கு அன்று விலங்கியல். தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருந்தான். முதல் மணி நேரம் நான் எழுதினேன், கழுத்து இழுத்தது, நான் எழுதினேன். கணக்கு ஓடும்போது அது பெரிய தொந்தரவில்லை. பிறகு மேலே ஒரு நிழல் விழுந்தது. வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர்.

"இன்னாடா, அப்பத்துலருந்து பாக்குறேன், எட்டி எட்டி பாத்துக்கினு இருக்க?"

"பாக்கல சார். கழுத்து அப்டி இழுக்கும் சார்."

"இழுக்குமா? யாரு இழுக்குறாங்க, கயிறு கட்டியா?"

அறையில் சிரிப்பு. கழுத்து இரண்டு முறை இழுத்தது.

"சார், அவன் எழுதுறது விலங்கியல் சார். நான் கணக்கு சார்."

சூப்பர்வைசர் குனிந்து தவளையின் இதயத்தைப் பார்த்தார். அங்கேயே இந்த விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"எதுவா இருந்தா இன்னா? பாத்தியா இல்லியா? யாருக்குடா சிக்னல் குடுக்குற? இன்னொரு தபா தல திரும்பிச்சுன்னா பேப்பர புடுங்கி புக் பண்ணிடுவேன்."

அடக்கினேன். பேனாவைப் பிடித்தபடி, பல்லைக் கடித்து, தோளை இறுக்கி, தாளில் இருந்த ஒரு தொகையீட்டுக் கணக்கை வெறித்துக்கொண்டிருந்தேன். எண்கள் தெரிந்தன, அவை என்னவென்று தெரியவில்லை. ஒன்று கழுத்தைப் பிடிக்கலாம், அல்லது கணக்குப் போடலாம். இரண்டும் சேர்த்து முடியாது. அவர் என் பக்கத்திலேயே நின்றார். நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து, அறைக்கே கேட்கும்படி சொன்னார்:

"பாத்தீங்களா, இப்ப நிக்குது. அப்ப இத்தன நேரம் பண்ணது இன்னாது?"

அந்த நிமிடங்களில் நான் செய்ததுதான் அந்த அறையில் யாரும் செய்யாத கடினமான வேலை. அதையே எனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார். கடைசியில் கழுத்து வட்டியோடு திரும்பியது, அவர் கண்ணெதிரிலேயே, நிற்காமல். தாள் போயிற்று. மூன்று பெரிய கணக்குகள் தொடாமல் கிடந்தன.

மறுநாள் அப்பா மண்டிக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு தேர்வு மையத்தின் தலைமை ஆசிரியரைப் பார்க்க வந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு: "அதான் எடது கண்ணு துடிச்சுது. அதான் துடிச்சுது." அவருடைய துடிப்பு என் குற்றத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டதாம். அவர் உடம்புக்குத் தீர்க்கதரிசனம், என் உடம்புக்குத் தண்டனை.

தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்ல. புகாரை மேலே அனுப்பாமல் முடித்துவிடத்தான் பார்த்தார். "ஏங்க, இது வியாதியா, பழக்கமா? வியாதின்னா டாக்டர் சர்ட்டிபிகேட் குடுங்க" என்றார்.

விழுப்புரத்து டாக்டர் இருக்கிறாரே, அவரிடம் போகலாமே என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பையனுக்கு நரம்பு வியாதி என்று ஊரில் பரவினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருப்பார். இரண்டு அக்காக்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள்.

"வியாதில்லாம் ஒண்ணுமில்ல சார். கெட்ட பழக்கம். நான் திருத்திடுறேன். டேய், சார் கிட்ட சொல்லு, இனிமே பண்ணமாட்டேன்னு."

அப்பா என் முதுகில் விரலால் குத்தினார்.

"சொல்றா."

"இனிமே பண்ணமாட்டேன் சார்" என்றேன். சொல்லும்போதே இழுத்தது. தலைமை ஆசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். என்னைப் புக் பண்ணவில்லை. மிச்சத் தேர்வுகளுக்கு என்னை இடப்பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்சுக்கு மாற்றினார். அவ்வளவுதான். ஒரு பெஞ்சை மாற்றியதில் தீர்ந்துபோன விஷயம். கணக்கன்று காலையிலேயே அதைச் செய்திருக்கலாம்.

சுவர் எதையும் புகார் சொல்லவில்லை. மூன்று மணி நேரமும் அதைப் பார்த்து இழுத்துக்கொண்டே எழுதினேன், எல்லாத் தேர்வும். கடைசி நாளன்று அதே சூப்பர்வைசர் தாளை வாங்கும்போது முதுகில் தட்டினார்.

"பரவால்லியே, வுட்டுட்டியே. கண்டிச்சா தான் திருந்துறீங்க."

அவர் கண்ணுக்கு என் கழுத்து தெரியவே இல்லை. பக்கத்தில் ஒரு பையன் இல்லாத இடத்தில் அது குற்றமில்லை. குற்றமில்லாததை அவர் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை அப்பா ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். துடிப்பு நின்று சில நாள் ஆகியிருந்தது. வாசலில் அண்டை வீட்டுக்காரரிடம், "புள்ள திருந்திட்டான்பா, வாத்தியாரே சொன்னாராம்" என்றார்.

"நான் திருந்தல" என்றேன். "எல்லா பரீட்சையும் இழுத்துக்கினுதான் எழுதுனேன். இது அடிச்சா நிக்காதுப்பா. நான் அடக்குனா தான் நிக்கும். இனிமே அடக்கமாட்டேன்."

அண்டை வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். அப்பா கையை ஓங்கினார். நான் அடக்கவில்லை. கழுத்து இழுத்தது. அடித்தார். இழுத்தது. அம்மா ஓடிவந்து நடுவில் நின்றார். அம்மாவின் தோளுக்கு மேல் என் கழுத்து இழுப்பதை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் அதை அப்படி நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஜூனில் மதிப்பெண் வந்தது. அந்த மூன்று கணக்குகளின் அளவுக்கு அப்படியே குறைந்திருந்தது; வெளியூர் கல்லூரிக்குப் போதாது. அப்பா எனக்கும் சேர்த்து விழுப்புரத்துக்கு ஒரு சீசன் டிக்கெட் வாங்கி வந்தார். ரயிலில் ஜன்னலோர இடத்தை, என் இடப்பக்கம் ஆள் வராதபடி பார்த்து, எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் அதில் உட்கார்ந்தேன். நன்றி சொல்லவில்லை.