கும்பிட்டால் சிவப்பு

இன்று காலை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது கைபேசி நடுங்கியது. திறந்தால் ஒரு உள்ளங்கால். பொன்முடித் தோட்டத்தில் யாரோ எடுத்து அனுப்பிய படம். கோயிலில் தேங்காய் உடைகிற சத்தத்துக்கு நடுவே, நடுரோட்டில் நின்று, அந்தக் காலைப் பெரிதாக்கி விரலிடுக்கெல்லாம் பார்த்தேன். ஆட்டோக்காரர் என்னவோ திட்டிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலங்காத்தாலே இன்னொருவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு சாலை கடக்கிற வேலையும் உலகத்தில் உண்டு என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

தூரதேசம் போனவர்கள் எழுதினால் விமானம் வரும், பனி வரும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நாகர்கோவிலில் பஸ் ஏறி, எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினேன், அவ்வளவுதான். ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, கடைப் பலகையில் எழுத்து மாறிவிட்டால் அது வெளிநாடுதான். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே மலையாளம் வாசிக்கப் படித்தேன். தப்பான பஸ்ஸில் ஏறிய நாட்கள் எனக்குப் பரீட்சை நாட்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் போர்டை இரண்டு தரம் வாசிக்காமல் ஏறுவதில்லை.

கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை. டோக்கன் நம்பர் கூப்பிட வேண்டும், ஃபைல் எடுத்துக் கொடுக்க வேண்டும், நோயாளிகளின் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைக் காட்டவைக்க வேண்டும். எங்கள் டாக்டரம்மா ஒருமுறை பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் முகாம் நடத்தினார். எல்லாரிடமும் கைபேசி இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. நோயாளிகள் எல்லாருக்கும் தினமும் வாட்ஸ்அப்பில் காலைப் பராமரிப்பது பற்றி மூன்று நிமிட வீடியோ, அவரே பேசுவது. கூடவே ஒரு கேள்வி: இன்று காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தீர்களா? பதில் வந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பெயரைப் பச்சை ஆக்கும். வராவிட்டால் சிவப்பு. சந்தேகம் கேட்டால் மஞ்சள். இதைக் கவனிப்பது ரேஷ்மா, என் மகள் வயதுப் பெண்.

சில மாதங்களில், அந்த நிறங்கள் தெரிகிற சுவர்த் திரையைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. நகரத்து மலையாளிகள் முழுக்க மஞ்சளும் சிவப்பும். அவர்கள் சும்மா இருப்பதில்லை. அந்த மாத்திரை எதற்கு, இந்த எண்ணெய் ஏன் கூடாது என்று டாக்டரிடமே தர்க்கம் பண்ணுவார்கள். மலையில் இருக்கும் தமிழாட்களோ ஒருத்தர் பாக்கியில்லாமல் பச்சை. டாக்டரம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கேயோ கூட்டத்தில் காட்டுவதற்கு அந்தத் திரையைப் படம்கூட எடுத்தார்கள்.

எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை வரவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் அதிகம். ரேஷ்மா சாயா குடிக்கப் போன நேரம், பாக்கியம் என்ற பெயரைத் தொட்டுப் பார்த்தேன். தேயிலை கிள்ளுகிற அம்மா. முகாமில் நான்தான் அவர் காலைப் பிடித்துக் காட்டினேன், ஊசியால் குத்தினாலும் தெரியாத கால். அவர் அனுப்பியது எல்லாம் கும்பிடுகிற இரண்டு கை. அதுவும் பதினொரு நாள் செய்திக்குப் பதினொரு கும்பிடு, ஒரே நிமிஷத்தில்.

ரேஷ்மா திரும்பி வந்ததும் கேட்டேன். மலையில் ரேஞ்ச் கிடைக்காது, ரோட்டு வளைவுக்கு வரும்போது எல்லாம் மொத்தமாக வந்து விழும் என்றாள். "சேச்சி எந்தினா இங்ஙனே பேடிக்குன்னே? பச்சையல்லே?" பச்சைதானே, பிறகு எதற்கு இந்தப் பயம் என்று கேட்டாள்.

"பதினொண்ணு வீடியோவ ஒரு நிமிஷத்துல எப்படி மோளே பாத்திருப்பாங்க? அந்தக் கும்பிடு காலைப் பாத்ததுக்கு இல்ல. டாக்டரம்மா பேசினதுக்கு."

அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு எப்படி விளங்கியது என்றால், எங்கள் அப்பா. நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "சரிங்கய்யா" என்பார். வெளியே வந்ததும் வாட்ச்மேனிடம் போய், "அண்ணாச்சி, அய்யா என்ன சொன்னாவ?" என்று கேட்பார். அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் என் படிப்பு நின்றது. காலையில் தின்ன வேண்டிய மாத்திரையை இரவில் தின்று, இரவு மாத்திரையைக் காலையில் தின்று, கடைசிவரை சரிங்கய்யாதான். பெரியவர்கள் பேசினால் பதில் மரியாதை செய்யாமல் விடக்கூடாது, திருப்பிக் கேட்கவும் கூடாது. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள்.

ரேஷ்மாவைக் கெஞ்சி, பாக்கியம் அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப அனுமதி வாங்கினேன். ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நின்று எத்தனையோ தரம் பேசி அழித்தேன். தப்பாக ஏதாவது சொல்லி வேலை போய்விட்டால்? கடைசியில் போனது இதுதான்: "அக்கா, நான் ஆஸ்பத்திரில டோக்கன் கூப்பிடுக தங்கம். டாக்டரம்மா இல்ல. எனக்குக் கும்பிடு வேண்டாம். ஒரு கண்ணாடிய தரையில வச்சு, அதுக்கு மேல காலைக் காட்டி, என்ன தெரியுதுன்னு வாயால சொல்லுங்க. என்ன சொன்னாலும் நான் ஏசமாட்டேன்."

இரண்டு நாள் பதில் இல்லை. திரையில் அவர் பெயர் பச்சையாகவே இருந்தது, டாக்டரம்மாவின் வீடியோவுக்குக் கும்பிடு வந்துகொண்டிருந்ததால். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. காற்று இரைச்சல், அதற்குள்ளே ஒரு தயங்கிய குரல்.

"தங்கம், டாக்டரம்மாகிட்ட சொல்லிராத, கேட்டோ. பூட்ஸுக்குள்ள ஒரு கல்லு கெடந்திருக்கு. தெரியாமலே நாலஞ்சு நாள் நடந்திட்டேன். சின்ன வெரல் கறுத்துப்போச்சு, வாடை வருது. அவங்க தெனமும் இவ்வளவு நல்லா பேசுறாங்க. புண்ணுன்னு போய் நின்னா, அவங்க பேச்ச நாம மதிக்கலன்னு ஆயிராதா?"

சொல்லாதே என்று கேட்டவரின் செய்தியை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தேன். நோயாளி உள்ளே இருக்கும்போது அட்டெண்டர் நுழையக் கூடாது, நுழைந்தேன். ரேஷ்மா பின்னாலேயே வந்தாள். டாக்டரம்மா முழுக்கக் கேட்டார், ஒரு தரம் தமிழில், இன்னொரு தரம் நான் மலையாளத்தில் சொல்லி. பிறகு அவரே பாக்கியம் அக்காவுக்குப் பேசினார். திட்டவில்லை. தோட்டத்து ஜீப்பில் கல்லாறு வரை இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, அன்று சாயங்காலமே அக்கா வந்துசேர்ந்தார். நான்தான் பூட்ஸைக் கழற்றினேன். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது, வராந்தாவில் போய் அந்தப் பூட்ஸை இன்னொரு தரம் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

அந்தக் கூட்டத்தில் பச்சைத் திரையைக் காட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. ரேஷ்மா கம்ப்யூட்டரில் சட்டத்தை மாற்றிவிட்டாள். இப்போது கும்பிட்டால் சிவப்பு. கேள்வி கேட்டால், புகார் சொன்னால், காலைப் படமெடுத்து அனுப்பினால் பச்சை. தமிழாட்களுக்கு தினமும் அரை நிமிஷம் பேசுவது நான். ரேஷ்மாவின் அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் முகம் தெரியாதவர்களிடம், "இன்னைக்குப் பத்து வெரலையும் எண்ணிப் பாருங்க" என்கிறேன். முதல் ஆளாகப் பாக்கியம் அக்காவின் பதில் வரும்: "எனக்கு ஒம்பதுதான், மறந்திட்டியா?" ஒரு தோட்டத்துக்காரி ஆஸ்பத்திரியைக் கிண்டல் பண்ணுகிறாள் என்றால் எனக்கு அதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது. அப்பா இருந்திருந்தால் அவரையும் திருப்பிக் கேட்கவைத்திருப்பேன்.

போன வாரம் ஊருக்குப் போகும்போது பஸ் களியக்காவிளையில் நின்றது. பக்கத்தில் இருந்த பெண் கைபேசியைச் சத்தமாக வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். என் குரல். யாரோ யாருக்கோ அனுப்பி, அது எல்லை தாண்டி எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருக்கிறது. எங்கேயாவது தப்பாகச் சொல்லியிருக்கிறேனோ என்று முதலில் பயம்தான் வந்தது. அவள் என் மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்துவிட்டு, "நீங்க திருவனந்தபுரமா? இவ உங்க ஊரு சிஸ்டராக்கும். மலையாளத்துக்காரி, ஆனா நம்ம தமிழ எவ்வளவு நல்லா படிச்சிருக்கா, பாத்தியளா?" என்றாள்.

நான்தான் அது, நாகர்கோவில்காரியாக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது மலையாளத்து ஆமாம்: "அதெ."

அவள் தலையாட்டிவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கி மறு தொடைமேல் வைத்து, உள்ளங்காலைத் திருப்பி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பஸ் எல்லை தாண்டி அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. நானும் அவளோடு சேர்ந்து, பத்து வரைக்கும் மனசுக்குள் எண்ணினேன்.