எங்கள் பாட்டுக்கு மட்டும் ஒரு தட்டு ஜாஸ்தி

வைகாசிப் பௌர்ணமியன்று கிரிவலம் போனவரா நீங்கள்? அடி அண்ணாமலை தாண்டும்போது ஒரு கடை வாசலில் நீர்மோர் வாங்கிக் குடித்தீர்களா? அங்கே ஏழெட்டுப் பெண்கள் ஸ்பீக்கரோடு சேர்ந்து பக்தியாகப் பாடிக்கொண்டிருக்க, திடீரென்று ஸ்பீக்கர் ஒரு வழியிலும் பெண்கள் ஒரு வழியிலும் போய்...

ஆமாம். அது நாங்கள்தான். எல்லோரையும்விடச் சத்தமாகத் தப்பாகப் பாடியது நான்.

உங்களில் சிலருக்கு மோர் புரையேறியதை என் கண்ணால் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் குற்றம் என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரருடையதும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

வீட்டுக்காரரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாண நாளுக்குப் பரிசு என்றால் அவருக்குச் சமையலறைதான் ஞாபகம் வரும். ஒரு வருஷம் குக்கர். ஒரு வருஷம் மிக்ஸி. ஒரு வருஷம் கேஸ் லைட்டர் — அதற்கு ரிப்பன் வேறு கட்டியிருந்தார்! "உனக்காகத்தான் வாங்கினேன்" என்பார். அந்தக் குக்கரில் வேகிற சோற்றை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். தட்டை நீட்டி இன்னும் ஒரு கரண்டி கேட்பார்.

இந்த வருஷம் மனுஷர் மாறிவிட்டார். "உனக்கு ஒரு நல்ல மியூசிக் பிளேயர் வாங்கித் தரேன்" என்றார். பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

காலையில் வாக்கிங் போகும்போது நான் காதில் மாட்டிக்கொள்ளும் பிளேயர், தீப்பெட்டி சைஸ். அதன் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு குட்டி மெமரி கார்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில் கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். வேங்கிக்காலில் எங்கள் தெருவே அங்கேதான் ஏற்றியது. பக்தி என்றால் ஒரு ஃபோல்டர், பழைய பாட்டு என்றால் ஒரு ஃபோல்டர். எதிர்வீட்டு செல்வியின் கார்டில் என்ன இருக்கிறதோ, அச்சு அசலாக அதுவே என் கார்டிலும்.

அந்த ரப்பர் பேண்டைப் பார்த்துத்தான் அவருக்கு மனசு இறங்கியிருக்க வேண்டும். எனக்கே எனக்கென்று, அடுப்படிக்குள் நுழையாத ஒரு பொருள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கோ அதில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே என்று கவலை. அதனால் ராத்திரி பகலாக ஆராய்ச்சியில் இறங்கினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிளேயர் எது என்பது பெரிய விஷயமே இல்லையாம். அதில் பாட்டை எந்த ஃபார்மேட்டில் போடுகிறோம்... அதுதான் விஷயமாம். எம்பி3 இருக்கிறதே, அது மனுஷக் காதுக்குக் கேட்காத சத்தத்தை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பாட்டைச் சின்னதாக்குகிறதாம்.

"கேக்காததைத்தானே எடுக்குது? அதுல இன்னா நஷ்டம்?" என்று கேட்டேன்.

"அது இருந்தா கேக்கும்" என்றார். இந்தப் பதிலை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஏஏசி. அதுவும் எடுத்துப் போடுகிற ரகம்தான். ஆனால் அதே அளவு இடத்தில் எம்பி3யைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்குமாம். அப்புறம் வேவ். எதையும் எடுக்காது, எதையும் சுருக்காது. கல்யாணத்துக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்பாத சொந்தக்காரர் மாதிரி, வீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கடைசியாக ஃப்ளாக். இதுவும் எதையும் தூக்கிப் போடாது. ஆனால் மடித்து அடுக்கி வைத்துக்கொள்ளும். வேவுக்கு வேண்டிய இடத்தில் ஏறக்குறைய பாதி போதுமாம். பீரோவில் பட்டுப்புடவை வைக்கிறோமே, அப்படியா என்று கேட்டேன். அசந்துவிட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டிய அபூர்வ சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அந்தத் தைரியத்தில் ஒரு யோசனையும் சொன்னேன். என் கார்டில் இருக்கிற பாட்டையே ஃப்ளாக்காக மாற்றிவிட்டால் என்ன? சிரித்துவிட்டார். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குண்டானில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா என்று கேட்டார். எடுத்துப் போட்டது போனதுதான், திரும்ப வராது. இடத்தைத்தான் ஜாஸ்தி பிடிக்கும். அதனால் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இருந்த பழைய சிடிக்களை எல்லாம் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக ஃப்ளாக்கில் ஏற்ற ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சையும் நடந்தது. ஒரே பாட்டை எம்பி3யிலும் ஃப்ளாக்கிலும் போட்டு, எது நன்றாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். இரண்டும்தான் என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. சரி, இப்போது உங்களுக்கு நான் வைக்கிறேன் என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "பாரு, தம்புரா தனியா நிக்குது பாரு. இதான் ஃப்ளாக்" என்றார்.

அது எம்பி3. நான் சொல்லவில்லை. இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாண நாளன்று பிளேயர் வந்தது. இரும்பு மாதிரி கனம், வழவழவென்று உடம்பு. உள்ளே ஆயுசுக்கும் நிரம்பாத அளவுக்குப் பெரிய கார்டு. எடுத்துக் கையில் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பள்ளிக்கூடத்தில் பிரைஸ் வாங்கின பையன் தோற்றான். நானும் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை.

அடுத்த வாரம் பௌர்ணமி. செல்வியின் அண்ணனுக்கு அடி அண்ணாமலையில் கடை. பௌர்ணமிதோறும் சாயங்காலம் அந்தக் கடை வாசலில் எங்கள் தெருப் பெண்கள் நீர்மோர் கொடுத்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் கூடவே பாடுவோம். அண்ணாமலையார் மேல் ஒரு பழைய பாட்டு, அதுதான் எங்கள் ஸ்பெஷல். அதன் இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் தாளம் லேசாகத் தடுக்கி, சட்டென்று பல்லவிக்கு எகிறும். அங்கே நாங்கள் எல்லோரும் சேர்ந்து கூடுதலாக ஒரு தட்டு தட்டுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. பல வருஷம் சேர்ந்து பாடியதில் கைக்குத் தானாக வந்தது. அந்தத் தட்டுக்காகவே நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

அன்றைக்குப் புதுப் பிளேயரை ஸ்பீக்கரில் மாட்டினது என் வீட்டுக்காரர்தான். பாட்டு ஆரம்பித்ததும், சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சுத்தம். அவர் பெருமையாக நின்றார். இரண்டாவது சரணம் வந்தது. எல்லோரும் 'டப்'பென்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் பல்லவிக்குத் தாவினோம். ஸ்பீக்கர் தாவவில்லை! நாங்கள் ஜென்மத்தில் கேட்டே இராத இரண்டு வரியை அது நிதானமாகப் பாடிக்கொண்டு போனது. நாங்கள் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து... மீதிதான் உங்களுக்கே தெரியுமே.

விஷயம் புரிகிறதா? மொபைல் கடை கம்ப்யூட்டரில் இருந்த பாட்டில் எப்போதோ இரண்டு வரி காணாமல் போயிருக்கிறது. அந்த ஓட்டைப் பாட்டு கார்டு கார்டாக ஏறி, தெரு முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் அத்தனை வருஷமாகப் பக்தியோடு தட்டியது அந்த ஓட்டைக்கு!

ஆனால் அந்த நேரத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? செல்வி நேராக என் வீட்டுக்காரரிடம் போனாள்.

"இன்னாண்ணா நீங்க... டூப்ளிகேட் பாட்டைப் போட்டுட்டீங்க?"

ஒரிஜினல் சிடியைத் தேடிப் பிடித்து ஏற்றிய மனுஷர். வயரைச் சுருட்டினார். ஆட்டோவில் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் பிளேயரை அதன் பெட்டியில் போட்டு பீரோவில் வைத்தார்.

"உனக்குப் பழசே போதும் மாலா. நான்தான் ஜாஸ்தி பண்ணிட்டேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. குக்கரும் லைட்டரும் வாங்கித் தந்தபோதெல்லாம் கிண்டல் செய்தாயிற்று. முதன்முறையாக என் காதைப் பற்றி யோசித்து ஒன்று வாங்கினார். அதைத் தெருவே கூடி டூப்ளிகேட் என்றுவிட்டது. இனிமேல் இந்த மனுஷர் எனக்குப் பரிசு என்று எதையாவது வாங்குவாரா? லைட்டர்கூட வராது.

முடிவு செய்தேன். மறுநாள் அவர் ஆபீஸ் கிளம்பியதும் பிளேயரை வெளியே எடுத்தேன். அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டேன். மத்தியானம் மொட்டை மாடியில் எல்லோரையும் கூட்டினேன். நல்லா இருக்கிற பாட்டை ஏன்க்கா கெடுக்கிறீங்க என்று செல்வி முரண்டு பிடித்தாள். அவர் பாவம் என்றேன். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. வாய் சீக்கிரம் கற்றுக்கொண்டது. கைதான் கேட்கவில்லை. அந்த இடம் வந்தாலே எழும்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மாதம் போராடிக் கையையும் அடக்கினோம். இதையெல்லாம் அவரிடம் மூச்சு விடவில்லை. பௌர்ணமியன்று அசத்த வேண்டுமே!

ஆனிப் பௌர்ணமிக்கு முந்தின நாள், இந்தத் தடவையும் புதுப் பிளேயரையே போடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "சரி, சார்ஜ் போட்டு வைக்கிறேன்" என்றார். சாயங்காலம் பார்த்தால் லேப்டாப்பைத் திறந்து வைத்து, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் பழைய ரப்பர் பேண்டு பிளேயர். என்னவென்று கேட்டேன். "அப்டேட்" என்றார். எனக்கென்ன தெரியும்?

மறுநாள் அதே கடை, அதே மோர், அதே ஸ்பீக்கர். இரண்டாவது சரணம் வந்தது. கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு, தட்டாமல், தாவாமல், அந்தப் புது இரண்டு வரியை எடுத்தோம் பாருங்கள்...

ஸ்பீக்கர் தடுக்கியது. பல்லவிக்குத் தாவியது.

கூட்டம் சிரித்தது. அவர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் அவரைப் பார்க்கிறோம். செல்விதான் முதலில் வாய் திறந்தாள். "அண்ணா, உங்களுக்காக ஒரு மாசமா கத்துக்கினோம். நீங்க இன்னா பண்ணி வச்சீங்க?"

"வெட்டிட்டேன்" என்றார். "உங்களுக்கு அப்படித்தானே பழக்கம்னு..."

காதுக்கே கேட்காத சத்தம்கூடப் போய்விடக் கூடாது என்று அலைந்த மனுஷர். அவரே உட்கார்ந்து, தெளிவான பாட்டிலிருந்து இரண்டு முழு வரியை வெட்டி எறிந்திருக்கிறார். வெட்டியதும் எப்படி? அந்தத் தடுக்கல், அரைத் தாளம்கூடப் பிசகாமல் அப்படியே இருந்தது. அவருக்குப் பிடிக்காத அந்த எம்பி3யை அதற்காக எத்தனை தடவை கேட்டிருப்பார்? நடுரோட்டில், மோர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டோவில் திரும்பும்போது, எதை வைத்துக்கொள்ளட்டும், எதை அழிக்கட்டும் என்று கேட்டார்.

"ரெண்டும் இருக்கட்டும்ங்க. இடம் ஜாஸ்தின்னுதானே வாங்கினீங்க?"

எந்த ஃபார்மேட் நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால், என் அனுபவம் இதுதான். வாக்கிங்குக்கும் பஸ்ஸுக்கும் எம்பி3 தாராளம். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்கிற பாக்கியம் இருந்தால் ஃப்ளாக். எதுவாக இருந்தாலும், மாற்றுவதற்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது நல்லது.

இப்போது என் பிளேயரில் அந்தப் பாட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று முழுசு, இன்னொன்று எனக்காக வெட்டியது. நான் தினமும் எதைக் கேட்கிறேன் என்று செல்வியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்... கஷ்டப்பட்டு இரண்டு வரி மனப்பாடம் செய்திருக்கிறாள், கோபித்துக்கொள்வாள்.