அசல்தானா என்று கேட்ட பிரவுசர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் பாதிதான் ரிப்பேர். மீதிப் பாதி, அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்ப்பது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான்.

தஞ்சாவூரில் கடையைத் தொடங்கியவர் என் கணவர். அவர் போன பிறகு ஸ்க்ரூடிரைவர் பையும் ஸ்கூட்டியும் நானும் மிச்சம். புது பிரவுசர் ஒன்று வந்த சமயம் அது. பழையதில் பல பக்கங்கள் திறக்காது. புதியதைப் போடப் போனால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் அசல்தானா, லைசென்ஸ் உண்டா என்று முதலில் சோதனை போடும். இல்லையென்றால் நகராது. நான் போன இடங்களில் பெரும்பாலும் யாரோ காப்பி போட்டுக் கொடுத்த சிடிதான் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கெட்ட செய்தி சொல்வது என் பிழைப்பாகிவிட்டது.

சுவரில் இருந்த லைசென்ஸ்

ஒரத்தநாட்டில் ஓர் உரக்கடை. கோடு பாதி வழியில் நின்றது. "லைசென்ஸ் கேக்குதுண்ணே, இருக்கா?" என்றேன். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்த உரம் விற்கும் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றினார். வேட்டி நுனியால் தூசு துடைத்து, மானிட்டருக்கு எதிரே நிமிர்த்தி வைத்தார். கேமராகூட இல்லாத மானிட்டர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. "காமிச்சாச்சு. இதுக்கு மேல அசல் வேணும்னா கலெக்டரையே வந்து பாக்கச் சொல்லும்மா!" என்றார்.

குங்குமச் சிமிழ்

நாகூருக்குப் பக்கத்தில் விசைப்படகு வைத்திருப்பவர் வீடு. அவர் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நல்ல பேச்சு. எனக்கு அப்படிப் பேச ஆள் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது, கோடு மெதுவாகவே போகட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் எனக்கு வைத்துவிடக் குங்குமச் சிமிழை எடுத்தவர், "வீட்டுக்காரரு என்ன பண்றாரு?" என்று கேட்டார்.

நான் வைத்துக்கொள்வது கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. பார்த்ததும் யாருக்கும் பிடிபடாது. "இறந்துட்டாருங்க" என்றேன். சிமிழ் சத்தமில்லாமல் அலமாரிக்குத் திரும்பியது. கெட்ட மனுஷி இல்லை. வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து வந்தார். அதற்குள் திரையிலும் முடிவு வந்துவிட்டது. அசல் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரிஜினல் இல்லாட்டி போவுது, ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா" என்றார்.

தேங்க் யூ சொன்னவள்

சில கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு லைசென்ஸ் எண்ணை ஃபோனில் அழுத்திச் சரிபார்க்க வேண்டியிருக்கும். மறுமுனையில் இருப்பது பதிவுசெய்த பெண் குரல். கொஞ்சம் எண்களை அழுத்தினால் "தேங்க் யூ" என்பாள், மறுபடி கொஞ்சம், மறுபடி "தேங்க் யூ". ஒரு மத்தியானம் கடையில் நானும் ஃபேனும் மட்டும். காலையிலிருந்து என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். என்னை அறியாமல் நானும், "பரவால்லங்க, இருக்கட்டும்" என்று பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு லைன்ல, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

பொட்டுக்கு அடியில்

மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். மகன் கனடாவில். வாத்தியாரின் மனைவி இறந்தபோது காரியத்துக்கு வந்து போனவன்தான். அதற்குப் பிறகு மகன் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு சின்ன கேமராவை அனுப்பி, புது பிரவுசர் இருந்தால் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவன் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்.

சோதனையில் அசல் இல்லை என்று வந்தது. "பில் போட்டு வாங்கினதும்மா!" என்று பதறிப்போனார். அவர் சொன்னது உண்மைதான். நடுவில் ரிப்பேருக்கு வந்த யாரோ காப்பி சிடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு வழி உண்டு. அசலாக வாங்கிய பெட்டியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதிலுள்ள எண்ணைப் போட்டால் போதும். பெட்டியைத் திருப்பினேன். அந்த ஸ்டிக்கர் மேலேயே கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைப் பொட்டு. பாதி எண் அதற்கு அடியில்.

துணியை நனைத்துக்கொண்டு குனிந்தேன். "இருங்கம்மா" என்றார். "அவ வச்சது. கடைசியா வச்ச பூஜை."

நான் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என்ன அவசரம், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து என்னிடமிருந்து துணியை வாங்கி, "அவன பாக்கத்தானே, ஒண்ணும் சொல்ல மாட்டா" என்று தானே துடைத்தார். எண்ணும் இங்கிலீஷ் எழுத்துமாக இருந்த அச்சு மங்கியிருந்தது. ஓரிடத்தில் பி-யா எட்டா என்று தெரியவில்லை. எட்டைப் போட்டேன், ஏற்கவில்லை. பி-யைப் போட்டேன். அசல் என்று வந்தது.

பிரவுசர் இறங்கியது, மகன் முகமும் வந்தது. "என்னப்பா இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கேட்டான். வாத்தியார் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் நகர்ந்துபோய், சுற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்ததும் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். "பெட்டி வெறுமையா இருக்கு. நீங்க வைங்கம்மா."

நாகூர்ச் சிமிழ் கண்ணுக்குள் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று, "எனக்கு வீட்டுக்காரர் இல்லீங்க சார்" என்றேன்.

அவர் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கவில்லை. "எனக்கும்தான் வீட்டுக்காரி இல்ல. நம்பர் மேல படாம, கொஞ்சம் தள்ளி வைங்கம்மா" என்றார்.

எத்தனையோ பெட்டிகளை அசல்தானா என்று சோதித்த என்னை, சோதிக்காமல் விட்டது அந்த மயிலாடுதுறை வீடு ஒன்றுதான்.