திருவானைக்காவலில் ஒரு ஆரத்தித் தட்டு

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். சட்டமன்றத் தேர்தல் வந்தால், வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்கும் குழுவோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவேன். ஆரத்தி எடுக்கும் பெண்களின் தட்டில் யார் பணம் போடுகிறார்கள் என்று படம்பிடிப்பதுதான் முக்கியமான வேலை.

அன்று திருவானைக்காவலில், சுயேச்சையாக நின்ற ஒரு டீச்சரம்மா நடந்தே ஓட்டுக் கேட்டு வந்தார். பூக்கட்டும் அக்கா ஒருவர் ஆரத்தி சுற்றி அவருக்குப் பொட்டு வைத்தார். நான் தட்டை நெருக்கமாகப் படம்பிடித்தேன்.

டீச்சரம்மா கைகூப்பினார். “தட்டுல நான் எதுவும் போட மாட்டேங்க. தப்பா நினைச்சுக்காதீங்க.”

அக்காவின் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தேன். அவரோ ஆரத்தியைத் தெருவில் ஊற்றிவிட்டு, இடுப்பிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து அந்த வெறும் தட்டில் வைத்து நீட்டினார்.

“அப்ப நாங்க போடுறோம், எடுத்துக்கங்க. நோட்டீஸ் அடிக்கவாவது ஆகும்ல?”

பின்னால் நின்ற பெண்களும் சுருக்குப்பையை அவிழ்த்தார்கள். டீச்சரம்மா வெயிலில் நின்றபடியே ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு ரசீது எழுதிக் கொடுத்தார்.

“சார், இதையும் எடுக்கணுமா?” என்று எங்கள் அதிகாரியிடம் கேட்டேன்.

“எடுங்க. வரவும் கணக்குதானே!”

மறுநாள் அதே தெருவுக்கு ஒரு பெரிய கட்சியின் வேட்பாளர் வந்தார். கூட வந்தவர் நோட்டை நீட்டியதும், அந்த அக்கா தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

தேர்தலில் டீச்சரம்மா தோற்றுப்போனார். ஆனாலும், காசு கொடுத்தால் ஜனங்கள் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடுவார்கள் என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை.