வேக வண்டிக்கு வழிவிட்ட அண்ணன்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ரயில் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தெட்டு வருஷமாக அவர் ‘நிமிஷம்’. கல்யாணத்தன்று கால்மணி நேரம் தாமதமாக வந்த மாமனாரிடம் காரணம் கேட்டு, பதிலைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டவர் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுக்கிறார். மாமனார் வந்தது பதினேழு நிமிஷம் தாமதம் என்கிறார்.

ஜன்னல் இல்லாத அறையில், திரையில் ஊர்ந்துபோகும் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு, எந்த வண்டி முன்னால் போகலாம், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று போனில் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. ஒதுங்குவதற்கென்றே சில ஸ்டேஷன்களில் பக்கவாட்டில் ஒரு தண்டவாளம் இருக்கும், லூப் என்பார்கள். மனிதர்களைப் போலவே வண்டிகளிலும் மேல் கீழ் உண்டு. சரக்கு வண்டி பாசஞ்சருக்கு ஒதுங்கும். பாசஞ்சர் எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கும். பிறகு மூக்கு நீண்ட, கதவுகள் தாமே சாத்திக்கொள்ளும் வேக வண்டி வந்தது. எல்லாமே அதற்கு ஒதுங்கின.

வேக வண்டி ஒரு நிமிஷம் தாமதமானால் மேலதிகாரி கேட்பார். இரண்டென்றால் அவருக்கும் மேலே உள்ளவர் கேட்பார். ஐந்தைத் தாண்டினால் கேட்பது யார் என்று யாருக்கும் தெரியாது; நிமிஷம் அதற்கு இடம் கொடுத்ததில்லை. பாசஞ்சர் தாமதமானால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் கேட்பார்கள். நல்லவேளையாக, அவர்களுக்கு அவருடைய போன் நம்பர் தெரியாது.

ஒருத்திக்குத் தெரியும். அவருடைய தங்கை. ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்திருப்பவள். நாற்பத்து நான்கு வயது, மூக்குக் கண்ணாடி, முழங்கால் வலி எல்லாம் வந்த பிறகும் வீட்டுக்கு அவள் ‘பாப்பா’தான். வேக வண்டி தினமும் அவள் ஊர் வழியாகத்தான் போகும். நிற்காது. அப்படியொரு ஊர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது.

அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலை டாக்டர், “வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க” என்றார். பாப்பா கிடைத்த பாசஞ்சரில் ஏறிவிட்டாள். நிமிஷம் லீவு கேட்டார். மாற்று ஆள் நான்கு மணிக்குத்தான் வருவார், அதுவரை நாற்காலியைக் காலியாக விட முடியாது என்றார்கள். அவரே பிறருக்குப் பலமுறை சொன்ன வாசகம் அது. குறை சொல்ல வழியில்லை.

ஆகவே கட்டிலருகே அவர் மனைவி இருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிழவி கண் திறந்து, “பாப்பா வண்டி எங்க வருது?” என்பார். மருமகள் போன் போடுவாள். நிமிஷம், “பெரிய பாலம் தாண்டியாச்சு” என்று துல்லியமாகச் சொல்வார்.

“எம்புள்ளை கையிலதாம்மா ரயிலே இருக்கு,” என்று கிழவி நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டார். “தங்கச்சிய டாண்ணு கொண்டாந்து சேத்துருவான்.”

ஒன்றே முக்காலுக்குப் பாசஞ்சர் ஒரு சின்ன ஸ்டேஷனை நெருங்கியது. பின்னால் வேக வண்டி. நிமிஷம் கணக்குப் போட்டார். பாசஞ்சரை அடுத்த ஸ்டேஷன் வரை ஓடவிட்டு அங்கே ஒதுக்கினால், அதற்கு இருபது நிமிஷம் மிச்சம். வேக வண்டிக்கு ஆறு நிமிஷம் நஷ்டம். ஆறு நிமிஷத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ‘தங்கை’ என்று எழுதும் வழக்கம் இல்லை.

“லூப்ல போடுங்க,” என்றார்.

“இப்பவேவா சார்?” ஸ்டேஷன் மாஸ்டர் இழுத்தார். “அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் விட்டுப் பாக்கலாமே...”

“லூப்ல போடுங்க.”

சற்று நேரத்தில் செல்போன் அதிர்ந்தது.

“அண்ணா, வண்டி நின்னுடுச்சு.”

“தெரியும் பாப்பா. வேக வண்டி வருது. இருபத்தாறு நிமிஷம்.”

“யாருண்ணா நிறுத்துனது?”

அவர் திரையில் வேக வண்டியின் கோட்டைப் பார்த்தார்.

“நீயா அங்க உக்காந்திருக்க?”

“ஆமா.”

ஒரு சண்டை போட்டிருக்கலாம். சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காக அவர் கையைக் கடித்தவள். “சரி, அம்மாகிட்ட சொல்லிடு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்து மனைவி. “அத்தை கேக்குறாங்க. எங்க வருது?”

“லூப்ல நிக்குது.”

“அத எப்படிங்க சொல்றது?”

“அதானே உண்மை?”

அவள் போனை வைத்துவிட்டு, “இதோ வந்துட்டே இருக்கா அத்தை” என்றாள். “அவன் சொன்னா சரியா இருக்கும்,” என்று கிழவி கண்ணை மூடிக்கொண்டார்.

லூப்பில் நின்ற பாசஞ்சரை வேக வண்டி எட்டு வினாடியில் கடந்தது. அதன் காற்று பாப்பாவின் முகத்தில் அறைந்தது. அப்புறமும் சிக்னல் விழ நேரம் பிடித்தது.

வேக வண்டி நகரத்து எல்லைக்கு ஏழு நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. வந்து, நின்றது. முனையத்தில் நடைமேடை காலியில்லை. பதினான்கு நிமிஷம் வெளியே நின்று, ஏழு நிமிஷம் தாமதமாக உள்ளே போனது. எல்லைக்கு உள்ளே நடப்பது நிமிஷத்தின் பொறுப்பில் இல்லை. ‘நடைமேடை இல்லை’ என்று யாரோ எழுதினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாப்பா வார்டுக்குள் ஓடி வந்தபோது அம்மா போய்ப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அண்ணன் இன்னும் நாற்காலியில் இருந்தார். மாற்று ஆள் சரியாக நான்கு மணிக்கு வந்தார்.

நான்காம் நாள் அவள் ஊருக்குக் கிளம்பினாள். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். அவள் ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

“பஸ்ல எட்டு மணி நேரம் ஆகுமே பாப்பா.”

“ஆகட்டும். வழியில நிறுத்துனா, யாரு நிறுத்துனாங்கன்னு மூஞ்சியாவது தெரியும்.”

ஜன்னலோர இடம் கிடைத்தது. அவர் கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் கொடுக்கும் நேரத்தில் அவள் குனிந்து கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“அந்த வண்டியாவது நேரத்துக்குப் போய்ச் சேந்துச்சாண்ணா?”

வாழ்நாளில் ஒரு நிமிஷத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனிதர், கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“சேந்துச்சு பாப்பா. கரெக்டா.”

“அப்ப சரி,” என்றாள். பஸ் நகர்ந்தது.